படமுதலாளிக்குக் கழிவு; பால்மரக்காட்டானுக்கு என்ன?

கோப்பெங்கிலிருந்து பத்து காஜாவுக்குச் செல்லும் பாதையிலே, ஆற்றோரத்து மேட்டில், முற்றுப்பெறாத ஒரு மாளிகை நிற்பதை நம் வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரத் துரை 1915ஆம் ஆண்டளவில் அதனைக் கட்டத் தொடங்கினார். வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்க் கூலிகளை வரவழைத்தார். செங்கல்லும் ஓடுங்கூட இந்தியாவிலிருந்தே கப்பலேறி வந்தன. முதல் உலகப் போரின் இறுதியிற் பரவிய விஷக் காய்ச்சல் அக்கூலிகளிற் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டுமென்றனர். துரையும் கட்டிக் கொடுத்தார். அக்கோயிலின் மேலே தெய்வங்களுக்கு நடுவில் வெள்ளைக்காரர் ஒருவரின் உருவமும் நிற்கிறது. அது துரையே என்பர். அவர் 1926இல் லிஸ்பன் நகரில் இறந்தார், மாளிகை நின்றுபோயிற்று. துரைக்கு உருவம் உண்டு. கல் சுமந்தவருள் ஒருவரின் பெயரேனும் அங்கே பொறிக்கப்பட்டிருக்க நாம் கண்டதில்லை.

இம்மாளிகை 1999இல் சினிமாவிலும் வேலை செய்தது. ஜோடி ஃபாஸ்டர் அம்மையும் சௌ யுன் ஃபட்டும் நடித்த ‘அன்னா அண்ட் தி கிங்’ என்னும் அமெரிக்கப் படத்தைச் சொல்கிறோம். சயாம் மன்னர் மோங்குட்டின் அரண்மனைக்கு வந்த ஆங்கில ஆசிரியையின் கதை அது. தம் மன்னருக்கு அக்கதை மரியாதைக் குறைவு எனக் கருதிய தாய்லாந்து சர்க்கார் அங்கே படம் பிடிக்க அனுமதி மறுத்தது. முடிந்த படத்தைத் திரையிடவும் தடை விதித்தது. படக்காரர் இங்கே வந்தனர். பேராக்கும் பினாங்கும் லங்காவியும் சயாமாயின. தமிழர் கை அடுக்கிய செங்கற் சுவர் உலகமெங்கும் அப்படத்தோடு ஓடிற்று. அதனைப் பெருமையாகப் பேசுவார் கோப்பெங் காப்பிக்கடைகளில் இன்றும் உண்டு. நமக்கும் அப்பெருமை இருந்தது, இல்லையென்றால் பொய்யாகும். எதைக் குறித்து அப்பெருமை என்று எண்ணத் தொடங்கிய பிறகே இதனை எழுதத் துணிந்தோம்.

நிற்க. அன்னாவின் படக்காரர் வந்த நாளில் இல்லாத ஒரு சலுகை 2013இல் வந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு, ஃபினாஸ் எனச் சுருக்கமாக வழங்கும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் அது நடைபெறுவது; அதன் பெயரை ‘ஃபிமி’ என்பர். வெளிநாட்டுப் படமுதலாளி இந்நாட்டில் 5 மில்லியன் ரிங்கிட்டுக்குக் குறையாமற் செலவிட்டால், ஏற்கத்தக்க செலவில் 100க்கு 30 வீதம் ரொக்கமாகத் திரும்பத் தரப்படும் என்பதே தொடக்கத்தில் அதன் சாரம். வரியிற் சலுகையன்று, கையிற் பணம். 10 மில்லியன் செலவிட்டவருக்கு 3 மில்லியன் திரும்பும். செலவுக்குச் சீட்டு வேண்டும். கணக்குத் தணிக்கை வேண்டும். தணிக்கை முடிந்த பிறகே பணம். தோட்ட ஆபீஸிற் பேரேடு எழுதிப் பிழைக்கும் நம் போன்றோருக்கு இம்முறை விளங்குவதிற் சிரமமில்லை. பேரேட்டில் இன்ன ‘தலைப்பில்’ இவ்வளவு என்று உண்டு. இன்னாருக்கு என்பது துணைச் சீட்டிற் கிடக்கும். அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இதனால் நன்மையே இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. படக்கூட்டம் ஓர் ஊரில் இறங்கினால் ஹோட்டல் நிறைகிறது. லாரிக்காரன், தச்சன், தையற்காரன், சமையற்காரன் எல்லார்க்கும் சில வாரம் வேலை. ஈப்போவில் ஒரு பழைய வீதியை இன்னும் பழையதாக்குவதற்கு எத்தனை கை வேண்டியிருக்கும்! நம் பிள்ளைகளில் ஒளியமைப்பும் ஒலிப்பதிவும் கற்றவர் சிலர், அத்தகைய கூட்டத்தோடு சுற்றியே கற்றனர். இது மெய்யான வரவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்வாறே பணம் திருப்பித் தருகின்றனர். நாம் மட்டும் தரமாட்டோம் என்றால் அவர்கள் வேறு மலை, வேறு காடு பார்த்துக்கொள்வர்.

அங்கேதான் சங்கடமும் தொடங்குகிறது. இது ஏலம். தாய்லாந்து 2017இல் 100க்கு 15 முதல் 20 வீதம் வரை என்று தொடங்கிப் பின்னர் 30 வரை ஏறிற்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணம் 2008இல் 42 வீதம் வரை கூறி எல்லாரையும் முந்திற்று. ஏழாண்டு கழித்து, 2015இல், கட்டுப்படியாகாதென்று அத்திட்டத்தையே மூடிற்று. ஏலங்கேட்கும் ஊர்களுக்கு ஓய்வில்லை; படமுதலாளிக்கோ எந்த ஊரிலும் வீடில்லை. நியூசிலாந்தில் நடந்தது நம் தோட்ட வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. 2010இல் ‘ஹாபிட்’ படத்தைப் பற்றி நடிகர் சங்கத்துக்கும் படமுதலாளிக்கும் தகராறு நேர்ந்தது. படம் வேறு நாட்டுக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய அரசாங்கம், மேற்கொண்டு பணச் சலுகையும் கொடுத்து, சட்டத்தையும் அவசர அவசரமாகத் திருத்திற்று. படத்தொழிலில் வேலை செய்வோர் இனிச் சம்பளத் தொழிலாளர் அல்லர், ஒப்பந்தக்காரர் என்பது அத்திருத்தம். கூட்டாக நின்று பேரம் பேசும் உரிமையைத் திரும்பத் தரும் வேறொரு சட்டம் அங்கே 2022இல்தான் வந்தது. கண்ட்ராக்குக் கூலி என்றால் என்னவென்று நம்மவர்க்குச் சொல்லித் தர வேண்டுமோ? வீட்டை இழந்து, லயத்தை இழந்து, ஈ.பி.எப். பணத்துக்குக் கணக்குக் கேட்டுத் திரிந்த பெற்றோரின் பிள்ளைகள் நாம்.

இனி, வந்த படங்களையே பார்ப்போம். நாம் எடுத்துக்கொண்ட காரியம் விமர்சனமேயன்றிக் கணக்குப் பரிசோதனையன்று. 1992இல் வந்த ‘இந்தோசின்’ என்னும் பிரெஞ்சுப் படத்தின் நாயகி ஒரு ரப்பர்த் தோட்டத்துச் சொந்தக்காரி. கதிரின் தெனவ் அப்பாத்திரத்தை ஏற்றார். அந்நிய மொழிப் படத்துக்கான ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தது. அத்துரைசானியின் வீடாகக் காட்டப்படுவது பினாங்குக் கொடிமலையிலுள்ள பழைய ஹோட்டல். அக்காலத்துச் சைகோன் நகரமாக வேடமிட்டது பட்டர்வொர்த். தைவான் டைரக்டர் ஆங் லீயின் ‘லஸ்ட், காஷன்’ 2007இல் வந்தது. அதில் ஈப்போவும் பினாங்கும் பழைய ஹாங்காங்காக நின்றன. கழிவுத் திட்டம் பிறந்த பிறகு, பினாங்கு சிம்லாவாயிற்று. 2015இலும் 2016இலும் இங்கிலாந்தில் ஒளிபரப்பான ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொடர் 1930களின் சிம்லாவைப் பற்றியது, பிடித்ததோ பினாங்கில். ஜொகூரில் கசானா நேஷனல் பணமிட்டு, இங்கிலாந்தின் பைன்வுட் பெயரைத் தாங்கி எழுந்த ஸ்டூடியோவில் குப்ளாய் கானின் கொலுமண்டபம் அமைந்தது. ‘மார்க்கோ போலோ’ 2014இல் வந்து, இரண்டு பருவத்தோடு 2016இல் நிறுத்தப்பட்டது. பைன்வுட் பெயரும் பின்னர் அந்த ஸ்டூடியோவை விட்டு நீங்கிற்று.

சயாம், சைகோன், ஹாங்காங், சிம்லா, மங்கோலியர் அரண்மனை. நம் மண் எல்லாமாகவும் ஆகியிருக்கிறது. ‘இந்தோசின்’ படத்தை நாம் இரண்டு தடவை பார்த்தோம். அழகிய படம். பால்மர நிரைகளின் ஊடே காமிரா செல்லும்போது, பிறந்ததுமுதல் நாம் நடந்த காடு இத்தனை அழகாவென்று மூச்சு நின்றது. ஆயினும் அக்காடு அழகாக இருப்பது யாருடைய கண்ணுக்கு? குதிரையேறியோ காரேறியோ வருகிறவளின் கண்ணுக்கு. குனிந்து வெட்டுகிறவனுக்கு அதே மரம் எப்படித் தோன்றும் என்று அப்படத்தில் ஒரு காட்சியேனும் நின்று பார்க்கவில்லை. ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொடரிலும் அவ்வாறே. பினாங்கிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழனின் கதைக்கு அதில் இடமில்லை. இமயமலைச் சாரலிற் கோடைக்குத் தங்கிய துரைமாரின் மனத்துயரமே கதை.

வேடமிடுவதை நாம் இழிவென்று சொல்லவில்லை. நம் தோட்டங்களிற் காமன் கூத்து நடந்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். இரவெல்லாம் ராஜ வேடங்கட்டி நின்றவன் விடியற்காலையிற் பெரட்டுக் களத்தில் மற்றவரோடு வரிசையில் நின்றான். ‘இன்னான் மகன் நேற்று என்னமாய் ஆடினான்’ என்று ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிப் பேசினர். வேடம் கலைந்த பின்னும் ஆளுக்குப் பெயர் இருந்தது. கழிவு கொடுத்து அழைக்கும் கூத்தில் நிலத்துக்கும் பெயரில்லை, ஆளுக்கும் பெயரில்லை.

நாம் கண்கூடாகக் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்க்கும் தோட்டத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மூன்று நாள் படம் பிடிக்க வந்தது. கம்பெனியின் பெயரும் படத்தின் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. இன்று நம் தோட்டத்தில் ஏறக்குறைய எல்லாம் செம்பனையே. ஆற்றோரத்தில் மட்டும் வெட்டாமல் விட்ட பழைய பால்மரம் சில ஏக்கர் உண்டு. அதுவே அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1930களின் தோட்டம் ஒன்றில் ஒரு துரை குடும்பத்தின் கதை; கூலிகளாக நிற்க நாற்பது தமிழர் வேண்டும். இன்று குலை வெட்டிச் சுமக்கிறவர் வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும். அவர்கள் காமிராவின் கண்ணிற் படாதபடி மூன்று நாளும் வேறு பக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். தோட்டம் தோட்டமாகத் தோன்றுவதற்கு, அதில் உழைக்கிறவர்களை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது! கூலிகளாக நிற்கவோ, டவுனுக்குக் குடிபோன நம் பழைய ஜனங்களைத் தேடிப் பிடித்தோம். தேடிப் பிடித்தவர் நாமே. பட்டியல் எழுதியவரும் நாமே. மிச்சம் சிலர் தோட்டத்திலேயே வாரம், காவல், டிராக்டர் என்று வேலையிலிருந்தவர். அந்த மூன்று நாட்களுக்கும் அவர்கள் பெயருக்கு நேரே செக்ரோலில் ‘வரவில்லை’ என்று எழுதியதும் நம் கையே.

ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர் என்பதனால் படக்காரருக்கும் ஜனங்களுக்கும் இடையில் துபாஷாக நிற்கும் கௌரவம் நமக்குக் கிடைத்தது. கௌரவம் என்றே அன்று எண்ணினோம். முதல் நாள் பதினொன்றரை மணிக்கு மேல் வெளிச்சம் நன்றாயிருக்கிறதென்று பால்வெட்டுக் காட்சியை எடுக்கத் தொடங்கினர். வாளிகளில் வெள்ளைச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினர். நாற்பதாண்டு வெட்டிய ஒரு பாட்டியம்மையின் கையிற் கத்தியைக் கொடுத்து, மரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். அவர் நிற்கவில்லை. நம்மைக் கையசைத்து அழைத்தார்.

“கிராணித் தம்பி, உச்சி வெயில்ல எந்தப் பைத்தியக்காரன் பால் வெட்டுவான்? மணி நாலு, அஞ்சுக்கு நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டு எறங்கணும். வெயிலேறிட்டா பாலு ஓடாது, மரத்துக்கும் கேடு. பாக்கிறவன் சிரிப்பான். இந்தத் தொரைகிட்டச் சொல்லு.”

டைரக்டரின் உதவியாளர் நம் முகத்தைப் பார்த்தார். கிழவி என்ன சொல்கிறாள் என்று கேட்டார். வெயில் அதிகமாயிருக்கிறதாம், கொஞ்சம் நிழல் வேண்டுமாம் என்று சொன்னோம். அவர் நல்ல மனிதர். உடனே ஒரு குடை பிடிக்க ஏற்பாடு செய்தார். பாட்டி குடையைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், போய் நின்றார்.

ஏன் அவ்வாறு மொழிபெயர்த்தோம் என்பதற்கு நம்மிடம் நல்ல பதில் இல்லை. காரியம் தடைப்படக்கூடாதென்ற கிராணி புத்தி ஒன்று. வெள்ளைக்காரருக்கு முன்னால் நம் கிழவி சொல்வது நாட்டுப்புறப் பேச்சாகிவிடுமோ என்ற வெட்கம் மற்றொன்று. ஆனால் அவர் சொன்னதுதான் விமர்சனம். பால்மரக்காட்டைப் பற்றிய படத்தில் எந்த நேரத்திற் பால் வெட்டுவது என்பதற்கு மேல் என்ன விஷயம் இருக்கிறது? பின்னிரவில் எழுவது, இருட்டிற் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகையில் விடுவது, பாம்புக்கு அஞ்சிக்கொண்டு நிரையில் இறங்குவது, மழை பெய்தால் அன்றையக் கூலி போவது, இவையெல்லாம் அந்த ஒரு நேரக் கணக்கிலிருந்தே பிறந்தன. அந்நேரத்தை மாற்றிவிட்டால் அவ்வாழ்க்கையே இல்லை. வெளிச்சம் நிறைந்த ஒரு தோப்பும், அதில் நிறத்துக்காக நிறுத்திய சில சேலைகளுமே மிஞ்சும். அந்த வெளிச்சத்துக்கான செலவும், சாயத்துக்கான செலவும், குடைக்கான செலவும் கழிவுக் கணக்கில் ஏறத்தக்க செலவுகளே. பாட்டி சொன்ன சொல் எந்தத் தலைப்பிலும் ஏறாது.

கூலி விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 80 ரிங்கிட் என்று பேசிய ஏஜெண்டு, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் என்று 20 ரிங்கிட் பிடித்துக்கொண்டு கொடுத்தார். சீட்டில் எவ்வளவு எழுதினார் என்பதை நாம் பார்க்கவில்லை. கங்காணி காலத்துப் பிடித்தம் நினைவுக்கு வந்தது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப்போயினர்.

சரி, வெளிநாட்டாருக்கு நம் வாழ்க்கை தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வரும் படக்காரருக்குத் தெரியுமே என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கழிவுக் கணக்கில் சென்னையும் வெளிநாடுதான் என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். 1978இல் வந்த ‘பிரியா’வில் சிங்கப்பூரும் மலேசியாவும் பார்த்து வியக்கும் ஊர்கள். 2007இன் ‘பில்லா’வில் பத்துமலை முருகன் பெரிய பின்னணித் திரை. அவையெல்லாம் வந்து போன விருந்தாளியின் படங்கள், குறை சொல்வதற்கில்லை. 2016இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘கபாலி’ அவ்வாறன்று. இந்நாட்டுத் தமிழனே நாயகன். ரஜினிகாந்த் அவனாக நடித்தார். தோட்டத் தொழிலாளியின் கூலிப் போராட்டம், தமிழனுக்குக் குறைந்த கூலி, தலைவனைக் கொன்ற துரோகம் இவற்றையெல்லாம் சென்னைத் திரை முதன்முதலாகப் பெருங்கூட்டத்துக்குச் சொல்லிற்று. அப்படத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று தயக்கமின்றிச் சொல்வோம். ஆனால் தோட்டம் அதில் ஒரு பழைய நினைவாக வந்து மறைகிறது. மிச்ச நேரமெல்லாம் கோட்டும் துப்பாக்கியும் கோலாலம்பூர்க் கட்டடங்களும். கோட்டுப் போட்ட பிறகுதான் கூலிக்காரன் மகன் பார்க்கத்தக்கவன் ஆகிறான் போலும். இந்நாட்டில் ஓடிய பிரதியின் முடிவிலோ, நாயகன் போலீஸிடம் சரணடைந்தான் என்று எழுத்திற் காட்டினர். சென்னையில் ஒரு முடிவு, செந்தூலில் ஒரு முடிவு! நம் கதை எவ்வாறு முடிய வேண்டுமென்பதைக் கதை கட்டியவரும் தீர்மானிக்க இயலவில்லை.

இதற்குச் சில மாதம் முந்தியே, 2015 டிசம்பரில், சஞ்ஜெய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்துவிட்டது. மலாய் மொழியிற் கெட்டவன் என்பதைக் குறிக்கும் சொல், தமிழன் வாயில் திரிந்து, படத்தின் பெயராயிற்று. 1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறி, புறம்போக்கு நிலத்துக் குடிசைகளில் ஒண்டியிருக்கும் குடும்பங்கள். அப்போய் என்னும் சிறுவன். படி, படி என்று அடிக்கும் தந்தை. அடியாள் கும்பலிற் சேர்ந்த ஒரு சிற்றப்பன், போதையில் விழுந்தெழுந்த மற்றொரு சிற்றப்பன். கபாலி கோட்டுப் போட்ட பிற்பாடு வருவதைக் காட்டுகிறது. ஜகாட்டோ, ஒரு பையன் எந்தச் சந்தில் எந்த நாளிற் புத்தகப் பையைக் கீழே வைத்தான் என்பதைக் காட்டுகிறது. நம்மோடு பள்ளியிற் படித்தவரில் இருவர் மூவரின் முகம் அப்படத்திற் கண்டு, கொட்டகையிலிருந்து வெளியே வந்து, சிறிது நேரம் மோட்டார் சைக்கிளை எடுக்காமலே நின்றோம். அதற்குப் பத்தாண்டு முன்னர் 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’யும் இவ்வினத்தது. 1960களின் பால்மரத் தோட்டத்தில் மேற்படிப்புக்கு ஏங்கும் ஒரு பெண்ணின் கதை, சத்தமின்றி நடப்பது, நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பார்ப்பது போலிருக்கும். இவ்விரண்டிலும் நம் மண் நம் மண்ணாகவே நடித்தது.

அத்தகைய படத்துக்கு நம் நாட்டில் என்ன மரியாதை நடந்தது? 2016இல் மலேசியத் திரைப்பட விழாவுக்கு ‘ஜகாட்’ சென்றபோது, பெரும்பகுதி மலாய் மொழியில் இல்லை என்னும் காரணத்தால், சிறந்த படத்துக்கான போட்டியில் அதனைச் சேர்க்காமல், மலாய் அல்லாத மொழிப் படம் என்ற தனி வரிசையில் வைத்தனர். கால்பந்தாட்டத்தைப் பற்றிய ‘ஓலா போலா’ படத்துக்கும் அதே கதி. இதனைக் கண்டித்து முதலிற் குரலெழுப்பியவர் தமிழர் மட்டும் அல்லர். மலாய்க்காரரான மூத்த ஒளிப்பதிவாளர் ஒருவர், தாம் பெற்ற பரிசுகளையே திருப்பிக் கொடுக்க முன்வந்தார். மலாய் நடிகர்களும் விழாவைப் புறக்கணிப்போம் என்றனர். அதன் பின்னரே விதி மாறிற்று. எம்மொழிப் படமும் சிறந்த மலேசியப் படமாகலாம் என்றாயிற்று. அவ்வாண்டு அப்பரிசை ‘ஜகாட்’ பெற்றது. அந்தத் தோழர்களுக்கு நம் நன்றி உரியது. ஆயினும் சிம்லாவைப் பற்றிய ஆங்கிலத் தொடர் இங்கே வந்து செலவிடும்போது, மொழி என்ன என்ற கேள்வி இத்தனை கடுமையாக எழுந்ததாக நாம் அறியோம்.

ஆகையாற் கழிவை நிறுத்துங்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. செலவைப் பரிசோதிக்கிற கணக்கர் செக்ரோலையும் பரிசோதிக்கட்டும் என்கிறோம். தோட்டத்துப் பேரேட்டில் எத்தனை கொடுமை இருந்தாலும், கூலிக்காரனின் பெயரும் அவன் வேலை செய்த நாளும் அதில் இருந்தன. அந்த அளவேனும் படக் கணக்கில் இருக்க வேண்டும். கூட்டத்தில் நின்றவர் ஒவ்வொருவர் பெயரும், அவர் கையிற் போய்ச் சேர்ந்த தொகையும் காட்டப்படாவிட்டால், அந்தக் கூலிச் செலவுக்குக் கழிவு இல்லை என்று ஒரு விதி போட்டால் ஏஜெண்டின் 20 ரிங்கிட் மறுநாளே நின்றுபோகும். பிடித்த ஊரிலே அப்படத்தை ஒரு தடவை இலவசமாகத் திரையிட்டுக் காட்டுவதற்கும் பெரும் பணம் ஆகாது. வெளிநாட்டாருக்குத் திருப்பித் தரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினாலும், இந்நாட்டுத் தமிழ், சீன, இபான், கடசான் மொழிகளில் ஆண்டுக்குச் சில படம் எடுக்கலாமே! 5 மில்லியன் ரிங்கிட் என்பது வந்தவனுக்கு வாசற்படி. ‘செம்மண் சாலை’ போன்ற படம் எடுப்பவனுக்கோ அது வாழ்நாளிற் கண்ணாற் பாராத தொகை. படித்த நம் வாலிபர்கள் இவ்விஷயத்தைப் பற்றிக் கழகத்துக்கு எழுத வேண்டும். எழுதும்போது ஊர், தேதி, கொடுத்த கூலி எல்லாவற்றையும் குறித்து எழுத வேண்டும்.

நம் தோட்டத்திற் பிடித்த படம் ஓராண்டுக்குப் பின்னர் வெளிவந்தது. பால்வெட்டுக் காட்சி ஏழெட்டு விநாடி. துரையின் மகள் சைக்கிளில் வருகிறாள், பின்னால் மரங்கள், மரங்களுக்கு இடையில் வெள்ளைத் துணி போர்த்த ஒரு தலை. முடிவில் ஓடிய நீண்ட பெயர் வரிசையில் சமையற்காரர் வரை இருந்தனர். நாற்பது பேரில் ஒருவருமில்லை. கோப்பெங் டவுனில் மகள் வீட்டிலிருந்த பாட்டியிடம் அந்த இடத்தைக் கைப்பேசியிற் போட்டுக் காட்டினோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

“வாளியில சாயத்தண்ணின்னு நல்லாத் தெரியுது” என்றார். பிறகு, “அன்னிக்கு நான் சொன்னத அந்தத் தொரைகிட்டச் சொன்னியா, தம்பி?” என்று கேட்டார்.

சொன்னேன் பாட்டி என்றோம்.